கட்டியில் தொலைந்த மரபணு ரத்தத்தில் இருக்கிறது: எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயது. ஆறு மாதம் முன்பு போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவள் இடது கண்ணின் பாப்பா மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காட்டியதில் ரெட்டினோபிளாஸ்டோமா, அதாவது விழித்திரைப் புற்று என்றார்கள். கட்டி பெரிதாகிவிட்டதால் அந்தக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. வலது கண் நன்றாக இருக்கிறது. கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டில் 'ஆர்பி1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் இழப்பு' என்று இருக்கிறது. ரத்த ரிப்போர்ட்டிலோ 'மாற்றம் காணப்படவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். ஆர்பி1 என்பது கட்டியை அடக்கும் மரபணு, அது போனால் வண்டிக்கு பிரேக் போன மாதிரி என்று டாக்டர் சொன்னார். ஒன்று இல்லாமல் போவதால் எப்படி ஒரு கட்டி வளரும் என்பதே எனக்குப் புரியவில்லை. என் அப்பாவுக்கும் 71 வயதில் பெருங்குடல் புற்று வந்தது. அவருடைய கட்டி ரிப்போர்ட்டில் ஏபிசி, பி53 என்ற மரபணுக்கள் இழப்பு என்று இருக்கிறது. 'உங்கள் வீட்டு ரத்தத்திலேயே ஏதோ தொலைந்துபோயிருக்கிறது' என்று கணவர் வீட்டில் சொல்கிறார்கள். கர்ப்பத்தில் எடுத்த ஸ்கேனும், சாப்பிட்ட இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளும் காரணமாக இருக்குமா? தொலைந்த மரபணுவைத் திரும்ப வைக்க முடியாதா? அடுத்த குழந்தை பெற்றுக்கொள்ளலாமா? மூன்று ரிப்போர்ட்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்களை அரித்துக்கொண்டிருக்கும் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். 'உங்கள் வீட்டு ரத்தத்திலேயே ஏதோ தொலைந்துபோயிருக்கிறது.' நீங்கள் அனுப்பிய மூன்று ரிப்போர்ட்களையும் வரி வரியாகப் படித்தேன். அப்படிச் சொல்லும் ஒரு வரிகூட அவற்றில் இல்லை. உங்கள் மகளின் ரத்த ரிப்போர்ட் அதற்கு நேர்மாறாகத்தான் பேசுகிறது.

'மரபணு இழப்பு' என்று படித்ததும் மனம் பரம்பரைக்குத்தான் ஓடும். பெயரிலேயே 'மரபு' இருக்கிறதே. ஆனால் புற்றுநோயில் நாங்கள் பார்க்கும் மரபணு இழப்புகளில் பெரும்பாலானவை உடம்பின் ஏதோ ஒரு மூலையில், ஒரே ஒரு செல்லில் நடந்து, அந்தச் செல்லின் வாரிசுகளில் மட்டும் தொடர்பவை. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து எடுத்தால், பிறக்கும்போதே வாங்கி வந்த மரபணுக் குறையால் வருபவை 100க்கு 5 முதல் 10 வரைதான். அதனால் 'இழப்பு' என்ற சொல்லை எந்த ரிப்போர்ட்டில் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்தச் செல்லில் இழப்பு? எத்தனை பிரதி இழப்பு? உங்கள் குழப்பம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும்.

சரி, இல்லாமல் போகும் ஒன்று எப்படிக் கட்டியாக வளரும்? பிரேக் உவமை தவறில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பிரேக் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாதே என்று யோசித்திருப்பீர்கள். நியாயமான யோசனைதான். உண்மையில் செல் சமதளத்தில் நிற்கும் வண்டி இல்லை, சரிவில் நிற்கும் வண்டி. 'பிரி, பெருகு' என்ற தூண்டுதல் அதற்கு வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு குழந்தை கருவிலிருந்து வளர்வதே செல்கள் பிரிவதால்தான். ஆகவே பிரிவதைவிட, வேண்டாதபோது பிரியாமல் நிற்பதற்குத்தான் செல் ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஆர்பி1 மரபணு உருவாக்கும் ஆர்பி புரதத்தின் வேலை அதுதான். செல்லுக்குள் ஈ2எஃப் என்ற புரதம் இருக்கிறது. டிஎன்ஏவைப் பிரதியெடுக்கத் தேவையான சாமான்களையெல்லாம் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடுவது அது. ஆர்பி அதைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். செல் பிரிய வேண்டிய நேரம் வந்தால், சிடிகே4, சிடிகே6 என்ற நொதிகள் ஆர்பியின் மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டும். உடனே பிடி தளரும், ஈ2எஃப் விடுபடும், பிரதியெடுப்பு தொடங்கும். வேலை முடிந்ததும் பாஸ்பேட்டுகள் நீங்கி, ஆர்பி மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆர்பி அடியோடு இல்லையென்றால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஈ2எஃப் எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும். விழித்திரையின் செல்கள் ஒரு கட்டத்தில் 'போதும்' என்று பிரிவதை நிறுத்தி, முதிர்ந்து, ஒளியைப் பார்க்கும் வேலைக்குப் போக வேண்டியவை. உங்கள் மகளின் இடது கண்ணில் ஒரு செல்லுக்கு அந்தப் 'போதும்' கிடைக்கவில்லை.

இந்த நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே வந்துவிடுவதற்கும் இதுவே காரணம். அதற்குப் பிறகு விழித்திரையில் இப்படித் தடம் மாறக்கூடிய இளம் செல்கள் மிஞ்சுவதில்லை.

இருப்பதைக் கண்டுபிடிக்கலாம், இல்லாததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இந்தத் துறையில் என்னை இழுத்துப் போட்டதே இந்தக் கேள்விதான். 1969இல் ஹென்றி ஹாரிஸும் சக ஆய்வாளர்களும் எலியின் புற்றுச் செல்லையும் சாதாரணச் செல்லையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். புற்றுத்தன்மைதான் மேலோங்கும் என்று பலரும் நினைத்திருந்தார்கள். நடந்தது வேறு. இணைந்த செல் அடங்கிவிட்டது. அது வளர வளர, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் சில கழன்று விழுந்தபோதுதான் புற்றுத்தன்மை திரும்பி வந்தது. அப்படியென்றால் சாதாரணச் செல்லிடம் புற்றை அடக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, புற்றுச் செல் அதைத் தொலைத்துவிட்டிருக்கிறது என்பது தெரிந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1971இல், ஆல்ஃபிரட் நட்ஸன் என்ற குழந்தை மருத்துவர் உங்கள் மகளுக்கு வந்த இதே நோயை எடுத்துக்கொண்டார். அவர் கையில் இருந்தவை 48 குழந்தைகளின் மருத்துவக் குறிப்புகள் மட்டுமே. எந்த வயதில் நோய் தெரிந்தது, ஒரு கண்ணா இரண்டு கண்ணா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, இவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கட்டி வந்த குழந்தைகளுக்கு நோய் சீக்கிரம் தெரிந்திருந்தது. அவர்களின் வயதுக் கோடு, ஒரே ஒரு விபத்து நடந்தால் போதும் என்பதுபோல விழுந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களின் கோடு, ஒரே செல்லில் இரண்டு விபத்துகள் நடக்க வேண்டும் என்று காட்டியது.

ஒவ்வொரு செல்லிலும் நமக்கு ஆர்பி1 மரபணு இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டாலும் மற்றொன்று சமாளித்துக்கொள்ளும். கட்டி தொடங்க இரண்டுமே போக வேண்டும். முதல் குறையோடு பிறக்கும் குழந்தைக்கு உடம்பின் எல்லாச் செல்லிலும் ஏற்கெனவே ஒன்று போயிருக்கிறது. விழித்திரையில் லட்சக்கணக்கான செல்கள் இருக்கும்போது, ஏதோ சிலவற்றில் இரண்டாவதும் போய்விடுவது ஏறக்குறைய நிச்சயம். அப்படிப்பட்ட குழந்தைக்குச் சராசரியாக மூன்று கட்டிகள் உருவாகும் என்று நட்ஸன் கணக்கிட்டார். அதனால்தான் இரண்டு கண்ணும் பாதிக்கப்படுகின்றன. குறையில்லாமல் பிறக்கும் குழந்தைக்கோ, அதே ஒரு செல்லில் இரண்டு விபத்துகளும் அடுத்தடுத்து நடந்தாக வேண்டும். அது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி நடந்தாலும் ஒரு கண்ணில், ஒரு கட்டிதான்.

உங்கள் மகளுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. அவள் கட்டியின் ரிப்போர்ட்டில் இரண்டு விபத்துகளுமே தனித்தனியாகப் பதிவாகியிருக்கின்றன.

முதல் விபத்து ஓர் எழுத்துப் பிழை. ஆர்பி புரதம் 928 அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி. மரபணுவில் ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறி, சங்கிலியின் நடுவிலேயே 'இங்கே நிறுத்து' என்ற குறி வந்துவிட்டது. பாதிச் சங்கிலியால் எந்தப் பயனும் இல்லை. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும் 'லாஸ் ஆஃப் ஹெட்டிரோசைகாசிட்டி' என்ற நீண்ட பெயர்தான் இரண்டாவது விபத்து. பயமுறுத்தும் பெயர், ஆனால் பொருள் எளிமையானது. அம்மா பிரதியும் அப்பா பிரதியும் சின்னச் சின்ன எழுத்துகளில் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். கட்டியில் 13ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதியில் வித்தியாசமே இல்லை. செல் பிரியும்போது நல்ல பிரதி இருந்த துண்டு தவறிப்போயிருக்கிறது, அல்லது அதன் இடத்தில் பிழையுள்ள பிரதியே இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கிறது. எப்படியானாலும் நல்ல பிரதி மிச்சமில்லை.

1983இல் இந்தக் கருத்தை நேரடியாக நிரூபித்ததும் உங்கள் கையில் இருக்கும் இரண்டு ரிப்போர்ட்களைப் போன்ற ஒரு ஒப்பீட்டால்தான். குழந்தைகளின் கட்டியையும் மற்றச் சாதாரணச் செல்களையும் பக்கத்தில் வைத்து 13ஆம் குரோமோசோமைப் பார்த்தார்கள். உடம்பில் இரண்டு வகையும் இருந்தன, கட்டியில் ஒன்று காணாமல்போயிருந்தது. ஆர்பி1 மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1986இல். மனித உடலில் கட்டியை அடக்கும் மரபணு என்று முதன்முதலில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

ஆக, நீங்கள் நினைப்பதுபோல உங்கள் இரண்டு ரிப்போர்ட்களும் முரண்படவில்லை. ஒன்று அவள் கண்ணிலிருந்து எடுத்துவிட்ட கட்டியைப் பற்றிச் சொல்கிறது. மற்றொன்று அவளைப் பற்றிச் சொல்கிறது. கட்டியில் கண்டுபிடித்த அதே பிழையை ரத்தத்தில் குறிவைத்துத் தேடியிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. பிழை ரத்தத்தில் இருந்திருந்தால் கதை வேறு. வலது கண்ணுக்கும், பின்னாளில் எலும்பிலும் மற்ற இடங்களிலும் வரக்கூடிய புற்றுகளுக்கும் பயந்து நடக்க வேண்டியிருந்திருக்கும், கதிர்வீச்சைக்கூட முடிந்தவரை தவிர்க்கச் சொல்லியிருப்போம். அந்தச் சுமை உங்கள் மகள் தலையில் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் பிழை கருவின் மிக ஆரம்ப நாட்களில் ஒரு செல்லில் நடந்திருந்தால், உடம்பின் ஒரு சிறு பகுதியில் அது கலந்திருக்கலாம், ரத்தத்தில் கண்ணுக்குப் படாமலும் போகலாம். இதை மொசைக் என்போம். வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் வலது கண்ணை உங்கள் கண் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாட்களில் தவறாமல் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் வருகிறேன். கர்ப்பத்தில் எடுக்கும் ஸ்கேன் ஒலி அலையால் ஆனது. டிஎன்ஏவின் எழுத்தை மாற்றும் கதிர் எதுவும் அதில் இல்லை. நீங்கள் குறிப்பிட்ட இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறகு யார்தான் காரணம் என்று கேட்பீர்கள். ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் 600 கோடி எழுத்துகளைப் பிரதியெடுக்க வேண்டும். செல் அதைப் பிரமிக்கத்தக்க கவனத்தோடு செய்கிறது, பிழை விழுந்தால் திருத்தவும் செய்கிறது. ஆனாலும் அங்கங்கே ஒன்றிரண்டு தப்பிவிடும். ஒரு குழந்தை உருவாகக் கோடி கோடியாகச் செல்கள் பிரிகின்றன. எல்லாக் குழந்தைகளின் உடம்பிலும் இப்படிப்பட்ட பிழைகள் உண்டு. அநேகமாக அவை யாரையும் தொந்தரவு செய்யாத இடத்தில் விழுகின்றன. உங்கள் மகளுக்கு இரண்டு முறையும் விழக்கூடாத இடத்தில் விழுந்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 16,000 முதல் 18,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்த நோய் வருகிறது. அந்த அம்மாக்கள் யாரும் தவறு செய்தவர்கள் இல்லை. நீங்களும் இல்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். கட்டி ரிப்போர்ட்டை ரத்த ரிப்போர்ட் என்று தவறாகப் புரிந்துகொண்டு, நான்கு வருடம் இரண்டாவது குழந்தையைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அந்த நான்கு வருடமும் அந்த அம்மாவைக் குறை சொல்லாதவர்கள் இல்லை. யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கியிருந்தால் போதுமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இனி உங்கள் அப்பா. அவர் ரிப்போர்ட்டும் கட்டித் திசுவின் ரிப்போர்ட்தான், பெருங்குடலிலிருந்து எடுத்த துண்டில் செய்தது. அதில் இருக்கும் இரண்டு பெயர்களும் அந்த இடத்துக் கட்டிகளில் நாங்கள் வாடிக்கையாகப் பார்ப்பவை.

பெருங்குடலின் உள்சுவரில் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. பழைய செல் உதிர வேண்டும், புதியது எண்ணிக்கைக்கு மேல் போகக்கூடாது என்று பார்த்துக்கொள்வது ஏபிசி மரபணு. ஒரு செல்லில் அதன் இரண்டு பிரதிகளும் போனால் அங்கே சிறு மொட்டு போல ஒரு பாலிப் எழும்பும். அது புற்று இல்லை. பல வருடம் அப்படியே கிடக்கலாம். அந்தச் செல்களில் ஏதோ ஒன்றில் கேராஸ் போன்ற தூண்டும் மரபணு ஒன்று முடுக்கிவிடப்படும், பாலிப் பெரிதாகும். அப்புறம் கடைசிக் கட்டத்தில் பி53 போகும். அப்போதுதான் அது சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் புற்றாக மாறுகிறது. இந்தப் படிகளைத் தாண்டப் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். 71 வயதில் அவருக்கு வந்தது இந்த நீண்ட பயணத்தின் முடிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஏபிசி குறை பிறவியிலேயே இருப்பவர்களின் குடலில் சின்ன வயதிலேயே நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப்கள் முளைத்துவிடும். உங்கள் அப்பாவின் குடலில் ஒன்றிரண்டுதான் இருந்ததாக ஆபரேஷன் குறிப்பு சொல்கிறது.

பி53 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பழுதாகியிருக்கும் மரபணு இது. ஆர்பி செல் பிரிவதை நேரடியாகப் பிடித்து நிறுத்துகிறது. பி53 அப்படி இல்லை. சாதாரண நாட்களில் அது செல்லில் இருப்பதே தெரியாது. உருவான சில நிமிடங்களிலேயே எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். டிஎன்ஏ அறுபட்டுவிட்டது என்ற செய்தி வந்தால் மட்டும் அந்த அழிப்பு நின்று பி53 குவியும். செல் பிரிவதை நிறுத்திவைத்து, சரிசெய்ய அவகாசம் கொடுக்கும். சேதம் மீளமுடியாதது என்றால் செல்லைத் தானாகவே மடியச் செய்யும். ஒரு செல் கெட்டுப்போய் உடம்பைக் கெடுப்பதைவிட அது ஒன்று போவது மேல். அப்படி முடிவெடுக்கும் புரதம் இல்லாத செல், உடைந்த குரோமோசோமோடும் பிரிந்துகொண்டே போகும். ஒவ்வொரு பிரிவிலும் இன்னும் சில மரபணுக்களைத் தொலைக்கும். ஓர் இழப்பு அடுத்தடுத்த இழப்புகளுக்கு வழி திறந்துவிடுவது இப்படித்தான்.

இன்னொன்று. இரண்டு பிரதியும் போக வேண்டும் என்று முன்னால் சொன்னேனே, பி53 அதற்கும் முழுதாகக் கட்டுப்படாது. இந்தப் புரதம் நான்கு நான்காகச் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒரு பிரதி பிழையான புரதத்தையும் மற்றது நல்ல புரதத்தையும் சம அளவில் செய்தால், நான்கும் நல்லதாக அமையும் கூட்டணி 16இல் ஒன்றுதான். மற்றவற்றில் ஒரு பிழையாவது கலந்திருக்கும். நல்ல பிரதி உயிரோடு இருக்கும்போதே கெட்டது அதன் கையைக் கட்டிவிடுகிறது. விஞ்ஞானிகளையே இது பத்து வருடம் திசைதிருப்பியது. 1979இல் பி53ஐக் கண்டுபிடித்தபோது அதைப் புற்றைத் தூண்டும் மரபணு என்றே நினைத்தார்கள், ஏனென்றால் ஆய்வகங்களில் கிடைத்த பிரதிகளில் பல ஏற்கெனவே பழுதானவை. 1989இல்தான் நல்ல பி53 கட்டியை அடக்கும் என்பது தெளிவானது.

பிறவியிலேயே பி53 குறையோடு வரும் குடும்பங்களும் உண்டு. லி-ஃப்ராமெனி என்று பெயர். அந்தக் குடும்பங்களில் குழந்தைகள், இளைஞர்கள் என்று பலருக்கும் எலும்பு, மார்பகம், மூளை என்று பலவகைப் புற்றுகள் வரும். ஒரே ஒரு பெரியவருக்கு 71 வயதில் வந்த பெருங்குடல் புற்று அந்தப் படத்தில் பொருந்தவே பொருந்தாது. உங்கள் மகளின் ஆர்பி1க்கும் உங்கள் அப்பாவின் ஏபிசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வேறு வேறு குரோமோசோம், வேறு வேறு மரபணு. ஒருவருக்கு விழித்திரை, மற்றவருக்கு குடல். இரண்டு ரிப்போர்ட்டிலும் 'இழப்பு' என்ற ஒரே சொல் வந்ததுதான் உங்களைக் குழப்பிவிட்டது.

அப்பாவின் கட்டியில் ஒரே ஒரு சோதனை மட்டும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். டிஎன்ஏ பிழை திருத்தும் புரதங்கள் (எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2) இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. பெருங்குடல் புற்று வந்த எல்லோருக்குமே செய்ய வேண்டியது அது. பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் என்ற பரம்பரை நிலை இருந்தால் முதல் தடயம் அதில்தான் கிடைக்கும். இயல்பாக இருந்தால் அந்தக் கவலையும் பெரும்பாலும் தீர்ந்தது. என்ன வந்தாலும், பெற்றோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்று வந்திருப்பதால் உங்களுக்கு 40 வயதாகும்போது கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள். பாலிப்பாக இருக்கும்போதே எடுத்துவிட்டால், மேலே சொன்ன அந்தப் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

தொலைந்ததைத் திரும்ப வைக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் இந்தத் துறையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பதும் இதுதான். அளவுக்கு மீறி வேலை செய்யும் புரதத்தை ஒரு மாத்திரையால் அடைத்துவிடலாம். இல்லாத புரதத்தை அடைக்க முடியாது, கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நல்ல பி53 மரபணுவை வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தும் மருந்துக்கு 2003இல் சீனா அனுமதி கொடுத்தது. சிக்கல் என்னவென்றால் கட்டியின் ஒவ்வொரு செல்லுக்கும் அது போய்ச் சேர வேண்டும். தப்பிய செல்கள் மறுபடி வளரும். அதனால் இன்றுவரை அது பொதுவான சிகிச்சையாக வளரவில்லை. இயற்கை மட்டும் ஒரு வழி கண்டிருக்கிறது. நமக்கு ஒரு ஜோடி பி53 இருக்கும் இடத்தில் யானைக்கு 20 ஜோடி. டிஎன்ஏ சேதமானால் யானையின் செல்கள் நம்முடையதைவிட எளிதில் மடிந்து ஒதுங்குகின்றன. அத்தனை பெரிய உடம்பில் புற்று அரிதாக இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

நேரடி வழி அடைபட்டதால் சுற்றுவழி தேடினார்கள், அதில் நல்ல பலன் கிடைத்திருக்கிறது. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களைத் தொலைத்த செல்லால் அறுபட்ட டிஎன்ஏவைச் சரியாக ஒட்டவைக்க முடியாது. அது இன்னொரு திருத்தும் வழியை நம்பிப் பிழைக்கிறது. அந்த வழிக்குத் தேவையான பார்ப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் அதையும் அடைக்கின்றன. புற்றுச் செல் மடிகிறது, ஒரு நல்ல பிரதியாவது இருக்கும் மற்றச் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன. 2014 முதல் சினைப்பைப் புற்றுக்கும் பிறகு வேறு சிலவற்றுக்கும் இவை பயன்படுகின்றன. மார்பகப் புற்றில் பயன்படும் சிடிகே4, சிடிகே6 தடுப்பு மாத்திரைகள் உங்களுக்கு ஆர்வமாக இருக்கும். அவை ஆர்பியின் பிடி தளராமல் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் பிடிப்பதற்கு ஆர்பி இருக்க வேண்டும். உங்கள் மகளின் கட்டியைப் போல ஆர்பியே இல்லாத இடத்தில் அவற்றால் பயனில்லை. அவளுக்கு அறுவை சிகிச்சைதான் சரியான வழியாக இருந்தது. கட்டி கண்ணுக்குள் அடங்கியிருக்கும்போதே எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலான குழந்தைகள் முழுதாகக் குணமாகிறார்கள்.

இதே ஆர்பி புரதத்தை வைத்து இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். மரபணு நன்றாக இருந்தும் அதன் புரதம் மட்டும் பறிபோகலாம். கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. ஈ7 என்பது ஆர்பியைப் பிடித்து முடக்குகிறது. ஈ6 பி53ஐ அழிக்கிறது. டிஎன்ஏவில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் செல்லுக்கு இரண்டு காவலும் போய்விட்டன. கட்டியை அடக்கும் மரபணுக்கள் வீணாவதை ஓர் ஊசியால் முன்கூட்டியே தடுக்க முடிகிற இடம் இது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மகளுக்கு 9 வயதாகும்போது மறக்காமல் போட்டுவிடுங்கள்.

அடுத்த குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். மகளின் ரத்தத்தில் பிழை இல்லாததால் அது உங்களிடமிருந்தோ உங்கள் கணவரிடமிருந்தோ வந்திருக்க வழியில்லை. தம்பியோ தங்கையோ பிறந்தால், அந்தக் குழந்தைக்கான அபாயம் மற்ற எந்தக் குழந்தைக்கும் இருப்பதுதான். நீங்கள் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை. இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்கட்டும். முடிந்தால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்களே நேரில் கேட்பது நல்லது.

மகளுக்கு இப்போது பார்க்கும் கண் ஒன்றே. அதற்கு அடிபடாமல் இருக்க, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடப் பழக்குங்கள். பவர் இல்லாவிட்டாலும் போட வேண்டும். விளையாடும்போது கட்டாயம்.

கடைசியாக, அந்தக் கட்டி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். காகிதப் பிரதி ஒன்று, போனிலோ மெயிலிலோ ஒன்று. முன்னால் சொன்ன மொசைக் வாய்ப்பு சிறிதாக இருந்தாலும், அவளுடைய கருமுட்டைகளில் சிலவற்றில் அந்தப் பிழை இருக்கலாம். அவள் வளர்ந்து தாயாகும்போது, பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் அந்த ஓர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும், சந்தேகம் முழுவதும் தீர்ந்துவிடும். அதற்கு எந்த எழுத்து, எந்த இடம் என்று தெரிய வேண்டும். அது அந்த இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கிறது. அவளுக்கு 18 வயதாகும்போது அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்து, இதில் எழுதியிருப்பது என்னவென்று நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்.